பூஜைக்கு வைத்த மெயின் சுவிட்ச்

சாலைக் கடைத்தெருவில் கோலப்பன் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். வியாபாரம் கீழே, சரக்கு மாடியில். மூட்டைகளை மேலே ஏற்ற ஒரு மோட்டாரும் இரும்புக் கயிறும் கொக்கியும் உண்டு. சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் துவரம்பருப்பு மூட்டை பாதி வழி போயிருந்தபோது மின்சாரம் போயிற்று. மூட்டை அந்தரத்தில் நின்றது. அன்று மாலை வரை வாடிக்கையாளர்கள் மேலே பார்த்துக்கொண்டே அரிசி வாங்கினார்கள். ஒரு அம்மாள் கணவனை உள்ளே அனுப்பிவிட்டுத் தான் வெளியே நின்று சாமான்களின் பெயரைச் சொன்னாள்.

அடுத்த வாரமே கோலப்பன் ஒரு ஜெனரேட்டர் வாங்கிவிட்டார்.

அதைப் பார்க்க வந்தவர்களில் ரதீஷும் ஒருவன். ரதீஷ் அந்தப் பகுதியின் லைன்மேன், மலையாளி. கடை வாசலில் நிற்கும் மின்கம்பத்தில் ஏறுவது அவன் வேலை. மதியச் சோற்றைக் கோலப்பன் கடையில் உட்கார்ந்துதான் தின்பான். தின்று முடிக்கும்வரை, தான் செண்டை கொட்டிய கோயில் உற்சவங்களைப் பற்றிப் பேசுவான். அவன் சொல்வதில் பாதி பொய் என்று கோலப்பனுக்குத் தெரியும். ஆனாலும் அவன் வராத நாளில் மதியம் நகராது. ரதீஷை அவருக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

"சாதனம் கொள்ளாம் அண்ணாச்சி. பின்னெ, இத எங்க சொருகப் போறீங்க?" என்று கேட்டான் ரதீஷ்.

"செவுத்துல பிளக் இருக்குலா? அதுல சொருகுனா கடை பூரா எரியும்னு வித்தவன் சொன்னாம்."

ரதீஷ் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டான். "அய்யோ, அது பாடில்லா. நான் ஃபியூஸ ஊரி எடுத்துட்டு போஸ்ட்ல கேறுவேன். லைன்ல கரண்ட் இல்லன்னு நம்பி கைய வெப்பேன். அந்த நேரம் நீங்க இங்க இத ஓட்டினா, இந்தக் கரண்ட் செவுத்து வழியா மீட்டருக்கு வந்து, அங்கேந்து போஸ்ட்டுக்கு வந்து, எனக்க கையில வரும். கதை கழிஞ்சு."

"அப்பம் என்னவே செய்யணும்?"

"சேஞ்ச்ஓவர்னு ஒரு சுவிட்ச் உண்டு. மேல தள்ளினா லைன் கரண்ட், கீழ தள்ளினா ஜெனரேட்டர். ரெண்டும் தம்மில் சேராது. அது ஒண்ணு வெச்சா மதி."

கோலப்பனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஒரு பருப்பு மூட்டையைக் காப்பாற்றப் போய் ஒரு மனுஷனைக் கொன்றிருப்போமே என்று நினைத்தார். மறுநாள் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, அந்தச் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தார்.

சுவிட்சை மாட்டியவள் ஜெஸ்லின். வயரிங் வேலைக்கு அரசாங்க லைசென்ஸ் வைத்திருப்பவள், மார்த்தாண்டத்துக்காரி. மாட்டி, மேலும் கீழும் தள்ளிக் காட்டிவிட்டு, போகும்போது, "எதிர்த்தாப்புல இருக்க ஆபீஸ்ல ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கிடுங்க அண்ணாச்சி. அதுக்குப் பொறவு ஓட்டுனாப் போரும்," என்றாள்.

அவள் சொன்னதில் தவறில்லை. கோலப்பன் அதைக் கேட்டதுதான் தவறு.

கடைக்கு நேர் எதிரே, அதே கம்பத்திலிருந்து மின்சாரம் வாங்கும் பழைய கட்டடத்தில், மாற்று மின்சாரப் பாதுகாப்பு அலுவலகம் இருந்தது. பெயர்ப்பலகையின் அடியில் 'பாதுகாப்பு முதலில்' என்று எழுதியிருந்தார்கள். வேலை எத்தனையாவது என்று எழுதவில்லை.

தலைக்கவசம் இல்லாமல் அந்த அலுவலகத்துக்குள் யாரும் நுழையக்கூடாது. அலுவலகத்தில் தலைக்கவசம் ஒன்றுதான் இருந்தது. அதனால் உள்ளே போனவர் வெளியே வந்து அதைக் கழற்றிக் கொடுத்தால்தான் அடுத்தவர் போகலாம். இந்த ஏற்பாட்டால் கூட்ட நெரிசல் என்னும் ஆபத்து அடியோடு ஒழிந்துவிட்டதாக ஆண்டறிக்கையில் எழுதியிருந்தார்கள். வாசலில் செருப்பையும் கழற்ற வேண்டும். கோலப்பன் போட்டிருந்தது ரப்பர் செருப்பு. உள்ளே ஆபத்து நேரத்தில் நிற்பதற்கென்று ரப்பர் விரிப்பும் இருந்தது. அழுக்காகிவிடும் என்பதற்காக அதைச் சுருட்டிப் பீரோவின்மேல் வைத்திருந்தார்கள். கோலப்பன் வெறுங்காலோடு ஈரத் தரையில் நடந்து உள்ளே போனார்.

வராந்தாவில் அலுவலகத்தின் சொந்த ஜெனரேட்டர் நின்றது. அதிலிருந்து ஒரு வயர் கிளம்பிச் சுவரில் இருந்த பிளக் ஓட்டைக்குள் போயிற்று. வயரின் இரண்டு முனையிலும் பிளக். எதைச் செய்யக்கூடாது என்று ரதீஷ் சொன்னானோ, அதே ஏற்பாடு. கோலப்பன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து பார்த்தார்.

"இது என்ன மோளே, ரெண்டு பக்கமும் பிளக் வச்சு..." என்று அங்கே இருந்த கிளார்க் ஷில்பாவிடம் கேட்டார்.

"அது டெம்பரரியாணு," என்றாள் ஷில்பா.

"எப்பம் தொட்டு?"

"ஞான் ஜாயின் செய்யும்போ உண்டு."

சுவருக்கு வெள்ளை அடித்தபோதெல்லாம் வயருக்கும் சேர்த்து அடித்திருந்தார்கள். நிறத்தைப் பார்த்தால் பல வெள்ளை கண்ட வயராகத் தெரிந்தது.

அலுவலகத் தலைவர் ஸ்ரீகண்டன் கரமனைக்காரர். நல்ல மனிதர், யாரையும் நிற்கவைத்துப் பேசமாட்டார். "உக்காருங்கோ," என்று சொல்லிவிட்டு, விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, வருத்தமாகத் தலையை ஆட்டினார்.

"வெறும் ஜெனரேட்டரோட நிறுத்தியிருக்கலாம். சேஞ்ச்ஓவரையும் வெச்சுட்டேளே."

"அது வச்சாத்தானே சார் பாதுகாப்பு?"

"அங்கதான் எல்லாரும் தப்புப் பண்றா. ஜெனரேட்டரைச் செவுத்துல சொருகி ஓட்டினேள்னா, அது தற்காலிக ஏற்பாடாக்கும். அதுல எங்களுக்கு அதிகாரமே இல்லை. சுவிட்ச் வெச்சேள்னா அது நிரந்தர நிறுவல். நிரந்தர நிறுவல்னா பாதுகாப்பா இருக்கான்னு நாங்க பாக்கணும். நாங்க பாக்கற வரைக்கும் அது பாதுகாப்பில்லை."

"அப்பம், சுவிட்ச் இல்லாம ஓட்டுனா?"

"ஆபத்து. ஆனா அனுமதி வேண்டாம்."

"ஆளு செத்துப் போவாம்லா சார்!"

"அதுக்கு வேற செக்‌ஷன்," என்றார் ஸ்ரீகண்டன்.

கோலப்பன் அப்போதே எழுந்து வந்திருக்கலாம். சத்தியம் செய்துவிட்டவர், வரவில்லை. எப்போது வந்து பார்ப்பீர்கள் என்று கேட்டார். ஸ்ரீகண்டனின் நாற்காலிக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கம்பம், கம்பத்துக்குப் பின்னால் கோலப்பனின் கடை. கழுத்தைத் திருப்பினால் சுவிட்சே தெரியும்.

"நான் வெளியில வந்து பாக்கணும்னா எனக்குப் பாதுகாப்பு அனுமதி வேணும். அதை யார் குடுக்கணும், தெரியுமோ?"

"யாரு சார்?"

"நான்தான். ஆனா எனக்கு நானே குடுத்துண்டா நன்னாருக்குமோ? நாலு பேர் என்ன சொல்லுவா? நீங்க ஒண்ணு பண்ணுங்கோ. சுவிட்சை இங்க கொண்டுவந்துடுங்கோ."

கோலப்பன் போய் ஜெஸ்லினிடம் இதைச் சொன்னார். "மாட்டுன சுவிட்ச களத்திக் கொண்டுபோனா அது மாட்டாத சுவிட்ச்லா அண்ணாச்சி? பல்லு சரியா இருக்கான்னு பாக்க, பல்லப் பிடுங்கி டாக்டருக்குக் குடுத்துவிட்ட மாதிரி இருக்கு," என்றாள். கழற்றிக் கொடுத்தாள்.

ஸ்ரீகண்டன் சுவிட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நிறுவப்படலையே," என்றார். நிறுவிய நிலையில்தான் சோதிக்க வேண்டும் என்பது விதி. சுவரையும் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். வாடகைக் கட்டடம், சொந்தக்காரன் சம்மதிக்கமாட்டான் என்றார் கோலப்பன். கடைசியில் ஷில்பாதான் வழி கண்டுபிடித்தாள். அலுவலகச் சுவரில் ஓர் ஆணி அடித்து, சுவிட்சை அதில் தொங்கவிட்டாள். ஸ்ரீகண்டன் எழுந்து வந்து பிடியை மேலே தள்ளினார், கீழே தள்ளினார்.

"ஒண்ணும் எரியலையே?"

"வயரே குடுக்கல்லையே சார்," என்றார் கோலப்பன்.

"வயர் இல்லாதப்போ பாதுகாப்பா இருக்கு. எழுதிக்கோ ஷில்பா. இனி வெயில் காலத்துல ஒருதரம், மழைக் காலத்துல ஒருதரம் பாத்துட்டா முடிஞ்சுது."

சுவிட்ச் அங்கேயே தொங்கிற்று. சில நாட்களில் ஸ்ரீகண்டன் அதன் பிடியில் குடையை மாட்ட ஆரம்பித்தார். இடையிடையே கோலப்பன் போய், தலைக்கவசத்துக்குக் காத்திருந்து, உள்ளே நுழைந்து, குடையைப் பார்த்துவிட்டு வருவார். கடையில் ஜெனரேட்டர் சாக்குப் போர்த்திக்கொண்டு மூலையில் கிடந்தது. மின்சாரம் போனால் மூட்டைகளைச் சுமட்டுக்காரர்கள் தோளில் ஏற்றினார்கள்.

"ஊர்ல உள்ளவன்லாம் செவுத்துல சொருகி ஓட்டுகான். உங்களுக்கு மட்டும் என்னவாம்?" என்றாள் மனைவி சொர்ணம்மாள்.

"மேல ரதீஷ்லா நிக்கான்," என்றார் கோலப்பன். அதற்குமேல் அவருக்கு வேறு நியாயம் தெரியவில்லை.

நவராத்திரி வந்தது. அஷ்டமி அன்று மாலை புத்தகத்தையும் தொழில் கருவிகளையும் சரஸ்வதி முன் பூஜைக்கு வைப்பது இந்த ஊர் வழக்கம். வைத்துவிட்டால் நவமி முழுவதும் அவற்றைத் தொடக்கூடாது. தசமி காலையில் பூஜை எடுத்த பிறகுதான் தொடலாம். கோலப்பன் தராசைப் பூஜைக்கு வைத்துக் கடையைச் சாத்தினார். கடைப் பலகையைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாக ஒரு சீரியல் விளக்குச் சரம் கட்டி எரியவிட்டார்.

பாதுகாப்பு அலுவலகத்தில் பக்தி இன்னும் அதிகம். லைன்மேனுக்குச் சாமான் கொடுப்பதும் வேலை ஏவுவதும் அந்த அலுவலகம்தான். ரதீஷின் ரப்பர் கையுறை, டெஸ்டர், இடுப்பு பெல்ட், கம்பத்தில் வேலை செய்யுமுன் கம்பியில் மாட்டும் எர்த் ராடு, அந்த ஒற்றைத் தலைக்கவசம், எல்லாவற்றையும் பூஜைக்கு வைத்துவிட்டார்கள். கோலப்பனின் சேஞ்ச்ஓவர் சுவிட்சும், குடையைக் கழற்றிவிட்டு, வைக்கப்பட்டது. மெயின் சுவிட்சைச் சுவரிலிருந்து எடுக்க முடியவில்லை. ஆகவே சரஸ்வதியைக் கொண்டுபோய் மெயின் சுவிட்சின் அடியில் வைத்து, இரண்டுக்கும் சேர்த்து ஒரே மாலை போட்டார்கள். ஜெனரேட்டர் கனம், யாராலும் தூக்க முடியாது. அதற்கு ஒரு சந்தனப் பொட்டு மட்டும் வைத்து விட்டுவிட்டார்கள். அதாவது, ஆபத்தைத் தடுக்கும் சாமான்கள் அனைத்தும் பூஜையில் இருந்தன. ஆபத்து வெளியே இருந்தது.

நவமி அன்று அங்கே பாதுகாப்பு வார நிறைவு விழா. வேலை நாளில் விழா வைத்தால் விழா கெட்டுப்போகும் என்பது ஸ்ரீகண்டனின் கொள்கை. தலைக்கவசம் பூஜையில் இருந்ததால் அன்று மட்டும் எல்லோரும் வெறுந்தலையோடு நுழையலாம். கோலப்பனைப் பயனாளி என்று அழைத்திருந்தார்கள். என்ன பயன் அடைந்தார் என்று மேடையில் அவர் சொல்ல வேண்டும்.

கோலப்பன் தெருவைக் கடக்கும்போது, ரதீஷ் கம்பத்தில் ஏணியைச் சாத்திக்கொண்டிருந்தான். 'பாதுகாப்பு வாரம்' என்று எழுதிய துணிப் பலகை அவன் தோளில் இருந்தது. அதைக் கம்பத்தின் உச்சியில், கம்பிகளுக்கு நடுவே கட்ட வேண்டுமாம்.

"கையுறை எங்கவே?" என்று கேட்டார் கோலப்பன்.

"பூஜையில."

"அந்த எர்த் ராடு?"

"அதும் பூஜையில. எனக்க செண்டக் கோலும் அங்கதான் அண்ணாச்சி. நவமியில எடுத்தா பின்னெ வித்தை கையில நிக்காது." ரதீஷ் சட்டைப் பையைத் தட்டினான். உள்ளேயிருந்து ஃபியூஸை எடுத்துக் காட்டினான். "கண்டோ? ட்ரான்ஸ்பார்மர்ல ஊரி எடுத்தாச்சு. தெருவில எங்கயும் கரண்ட் இல்ல. பேடிக்க வேண்டா."

கோலப்பன் திரும்பிப் பார்த்தார். தம் கடைப் பலகையின் சீரியல் விளக்குகள் அணைந்திருந்தன. மனம் நிம்மதிப்பட்டு உள்ளே போய், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார்.

மின்விசிறியும் நின்றுபோயிருந்தது, மைக்கும் நின்றுபோயிருந்தது. மைக் இல்லாமல் பாதுகாப்பைப் பற்றிப் பேச முடியாது என்று ஸ்ரீகண்டன் சைகை காட்டினார். வராந்தாவில் யாரோ கயிறு இழுத்தார்கள். ஜெனரேட்டர் உறுமிற்று. விசிறி சுழன்றது, வெளியே தூணில் கட்டியிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது.

"இந்த ஆபீஸ் தொடங்கின நாள்லேர்ந்து," என்று ஆரம்பித்தார் ஸ்ரீகண்டன், "நம்ம சான்றிதழ் வாங்கின ஒரு ஜெனரேட்டர்லகூட ஒரு சின்ன விபத்து நடந்ததில்லை. ஏன்? இன்னிவரைக்கும் நாம ஒருத்தருக்கும் சான்றிதழ் குடுத்ததில்லை. கண்டிப்புன்னா அப்படியாக்கும் இருக்கணும்."

பலத்த கைதட்டல்.

"சில பேர் கேக்கறா, பாதுகாப்பா இருக்கறவாளை மட்டும் ஏன் அலைக்கழிக்கறேள்னு. அவாதானே நம்மகிட்ட வரா! வராதவாளை நாம எப்படி அலைக்கழிக்க முடியும்?"

இதற்கு இன்னும் பலத்த கைதட்டல். கோலப்பனும் தட்டினார், மரியாதைக்கு. தட்டிக்கொண்டே ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அவருடைய கடைப் பலகையில் சீரியல் விளக்குகள் சிவப்பும் பச்சையுமாக மினுக்கிக்கொண்டிருந்தன.

கரண்ட் வந்துவிட்டதே என்று முதலில் சந்தோஷம்தான் வந்தது. எப்படி வந்தது என்று அப்புறம்தான் தோன்றியது. ஃபியூஸ் ரதீஷின் சட்டைப் பையில் இருக்கிறது. கடை ஜெனரேட்டர் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது. தெருவில் ஓடுவது ஒரே ஒரு எந்திரம், இந்த வராந்தாவில். அது இரட்டைப் பிளக் வயர் வழியாகச் சுவருக்குள் போய், மீட்டரைத் தாண்டி, கம்பத்துக்குப் போய், அங்கிருந்து கடை விளக்குக்குப் போகிறது. கம்பத்தில் ரதீஷ் பாதி ஏணி ஏறியிருந்தான்.

கோலப்பன் துள்ளி எழுந்தார். "சார், நிறுத்துங்க! ஜெனரேட்டர நிறுத்துங்க!"

எல்லோரும் எழுந்து வலது கையை நீட்டியிருந்தார்கள். உறுதிமொழி தொடங்கிவிட்டது. "உறுதிமொழிக்கு நடுவுல பேசப்படாது," என்று கண்ணாலேயே அதட்டிவிட்டு ஸ்ரீகண்டன் மைக்கில் சொன்னார்: "என் கவனக்குறைவால் எந்த உயிருக்கும்..."

"என் கவனக்குறைவால் எந்த உயிருக்கும்..." என்றது சபை.

கோலப்பன் ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்து, மறுகையை வெளியே நீட்டி ஆட்டி, "ரதீஷே, எறங்குடே! தொடாத!" என்று கத்தினார். ஒலிபெருக்கியின் உறுதிமொழியில் அது கரைந்துபோயிற்று. அண்ணாச்சி கை ஆட்டுகிறார் என்று நினைத்து ரதீஷும் ஒரு கையை ஆட்டினான். இன்னொரு படி ஏறினான்.

கோலப்பன் வராந்தாவுக்கு ஓடினார். ஜெனரேட்டரை நிறுத்தும் சுவிட்ச் எப்போதோ உடைந்துபோயிருந்தது. பெட்ரோல் தீர்ந்தால் தானாக நிற்கும் என்பதுதான் அங்கே ஏற்பாடு. வயரைப் பிடுங்கலாம் என்று கையை நீட்டினார். பிடுங்கினால் பிளக்கின் பித்தளைப் பற்கள் மின்சாரத்தோடு வெளியே வரும் என்று, சுவிட்ச் மாட்டிய அன்று ஜெஸ்லின் எச்சரித்தது நினைவு வந்தது. கையை இழுத்துக்கொண்டார். மீதி இருந்தது ஒன்றுதான். மெயின் சுவிட்ச்.

அதன் முன்னால் சரஸ்வதி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழே பொரி, அவல், பழம், ரதீஷின் கையுறை, செண்டைக் கோல். ஷில்பா குறுக்கே வந்து கையை விரித்தாள்.

"அய்யோ, பூஜையாணு! தொடான் பாடில்லா!"

கோலப்பன் சாமி படத்தைக் கால் தாண்டி அறியாதவர். கடை திறக்கும்போது வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைவார். அப்படிப்பட்டவர், "தாயே, பொறுத்துக்க," என்று சொல்லி ஷில்பாவைச் சுற்றிக்கொண்டு ஒரே தாவாகத் தாவினார். பொரித் தட்டு கவிழ்ந்தது. மாலை அறுந்தது. அவர் கை மெயின் சுவிட்சின் பிடியைக் கீழே இழுத்தது. டக்கென்று ஒரு சத்தம்.

எதிர்க்கடைப் பலகையில் விளக்குகள் அணைந்தன.

அலுவலகத்துக்குள் ஒரு மாற்றமும் இல்லை. ஜெனரேட்டர் ஓடிற்று, விசிறி சுழன்றது, உறுதிமொழி முடிந்தது. வெளியே ரதீஷ் கம்பியை ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, 'பாதுகாப்பு வாரம்' பலகையைக் கம்பத்தில் கட்டினான். கோலப்பன் பொரிக்கு நடுவே உட்கார்ந்து, சின்னப் பிள்ளைபோல அழுதார்.

தசமி கழிந்து அலுவலகம் திறந்ததும் விசாரணை வைத்தார்கள். தலைவர் ஸ்ரீகண்டன். குறிப்பெடுக்க ஷில்பா. சாட்சியாக ரதீஷ்.

"என்ன நடந்ததுன்னு சொல்லுங்கோ."

"ரதீஷ் செத்திருப்பாம் சார்."

"செத்தானா?"

"இல்ல சார்."

"ஷாக் அடிச்சுதா?"

"இல்ல."

"அப்போ ஒண்ணும் நடக்கலை. பொரி கொட்டித்து. அது நடந்தது. நடந்ததைத்தானே நாம விசாரிக்க முடியும்?" ஸ்ரீகண்டனுக்கு உண்மையிலேயே கோலப்பன்மேல் இரக்கம் வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க அவசரப்பட்டுட்டேள். அவன் செத்திருந்தான்னு வெச்சுக்கோங்கோ, எல்லாத்துக்கும் விதி இருக்கு. மலர் வளையத்துக்கு இருக்கு, இரங்கல் கூட்டத்துக்கு இருக்கு, அரை நாள் லீவுக்கு இருக்கு. சாகாதவனுக்கு என்ன விதி இருக்கு? நீங்களே சொல்லுங்கோ."

ரதீஷுக்கு நடந்தது அப்போதுதான் முழுக்கப் புரிந்தது. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றான். அன்று மதியம் செண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தீர்ப்பு வந்தது. பூஜையில் இருந்த மெயின் சுவிட்சைத் தொட்டது கோலப்பனின் குற்றம். இனிமேல் நவராத்திரியில் அதற்குக் கண்ணாடிக் கூடு போட்டுப் பூட்டு போடப்படும். பூஜைக்குப் பங்கம் வந்துவிட்டதால், கோயில் தலைமைப் பூசாரியான தந்திரி தேதி கொடுத்துப் பரிகாரம் முடியும்வரை பூஜைப் பொருள்களை யாரும் எடுக்கக்கூடாது. ஆகவே கையுறையும் எர்த் ராடும் கோலப்பனின் சேஞ்ச்ஓவரும் அங்கேயே இருந்தன. மெயின் சுவிட்சில் கைவைத்த வரலாறு உள்ளவருக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் தர இயலாது என்றும் ஒரு வரி இருந்தது. இரட்டைப் பிளக் வயரைப் பற்றி ஒன்றுமில்லை. அது தற்காலிகமானது.

தந்திரி தேதி கொடுக்கவில்லை. லைனில் வேலை நிற்கவில்லை. ரதீஷ் வெறுங்கையோடு ஏறினான்.

"அண்ணாச்சி," என்று ஒருநாள் கோலப்பனிடம் வந்தான். "அந்த சீரியல் லைட்ட அவுக்க வேண்டா. அங்கயே கெடக்கட்டே."

கோலப்பன் ஏன் என்று கேட்கவில்லை. சரத்தை அவிழ்க்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஏணியில் நின்றபடி ரதீஷ் கடைப் பலகையைப் பார்ப்பான். விளக்கு அணைந்திருந்தால் கையை வைப்பான். மினுக்கினால் காத்திருப்பான். கடை எப்போதும் கல்யாண வீடுபோல இருந்தது. "வீட்ல விசேஷமா அண்ணாச்சி?" என்று கேட்பவர்களிடம், ஆமாம் என்று சொல்லிவிடுவார்.

ஜன்னல் வழியாக இந்த மினுக்கல் ஸ்ரீகண்டனின் கண்ணைக் குத்திற்று. பண்டிகை முடிந்த பிறகும் அனுமதியில்லாமல் மின் அலங்காரம் தொடர்வது பொதுப் பாதுகாப்புக்குக் கேடு என்று உத்தரவு போட்டார். விளக்குச் சரத்துக்குப் போகும் வயரைக் கம்பத்திலேயே வெட்டி எறிய ரதீஷை அனுப்பினார்.

ரதீஷ் ஃபியூஸைப் பிடுங்கினான். அலுவலகத்தில் விசிறி நின்றது. வழக்கம்போல யாரோ கயிறு இழுக்க, ஜெனரேட்டர் உறுமிற்று. கடைப் பலகையில் விளக்குகள் மினுக்க ஆரம்பித்தன. கையில் கட்டிங் பிளேயரோடு ரதீஷ் ஏணியில் நின்றான். கடை வாசலில் கோலப்பன் நின்றார். இருவரும் விளக்கையே பார்த்தார்கள். பிறகு ரதீஷ் இறங்கி, தெருவைக் கடந்து அலுவலகத்துக்குள் போனான். கோலப்பனும் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றுகொண்டார்.

"வெட்டியாச்சா?" என்றார் ஸ்ரீகண்டன்.

"இல்ல சாரே. லைன்ல கரண்ட் உண்டு."

"ஃபியூஸை எடுக்கலையோ?"

ரதீஷ் சட்டைப் பையிலிருந்து ஃபியூஸை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"அப்போ கரண்ட் எங்கேர்ந்துடா வருது?"

"அது சார்தான் எழுதித் தரணும்," என்றான் ரதீஷ்.

ஸ்ரீகண்டன் மேஜையில் இருந்த ஃபியூஸைப் பார்த்தார். திரும்பி, ஜன்னல் வழியாக மினுக்கும் விளக்கைப் பார்த்தார். வராந்தாவில் ஜெனரேட்டர் ஓடும் சத்தத்தைக் கேட்டார். அப்புறம் தலைக்குமேல் சுகமாகச் சுற்றும் விசிறியை அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஃபியூஸை மெதுவாக ரதீஷ் பக்கம் நகர்த்தினார்.

"ஷில்பா, அந்த உத்தரவுல, கரண்ட் நின்ன பிறகு வெட்டினாப் போதும்னு சேத்துடு."

விளக்கு இன்றைக்கும் இருக்கிறது. உத்தரவைத் திருத்திய அன்று மதியம் ரதீஷ் கோலப்பன் கடையில் சோறு தின்றான். ஏதோ உற்சவத்தில் தான் செண்டை கொட்டியதைக் கேட்டு யானை கண்ணீர் விட்டதாகச் சொன்னான். கோலப்பன் அதை முழுக்க நம்பினார்.